மூணேகால் கறை

பௌர்ணமி அன்றைக்குக் கீழ்பென்னாத்தூரில் சாலையைக் கடப்பதே ஒரு வேலை. சென்னையிலிருந்து கிரிவலத்துக்கு வரும் பேருந்துகள் திண்டிவனம், செஞ்சி தாண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் திருவண்ணாமலை போகும். அப்படியொரு பௌர்ணமியில் இரண்டு கைக்கடிகாரங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாட்ச் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, ஒரு முக்காலி, அவ்வளவுதான். ஒரு கடிகாரம் அப்பா விட்டுப்போன எச்.எம்.டி. ஜனதா. மற்றது நான் இணையத்தில் வாங்கிய எச்.எம்.டி. பைலட். கறுப்பு டயல், வெள்ளை எண்கள், ஒரு கீறல்கூட இல்லை. 1970-களில் வந்தது, எல்லாம் அசல் என்று விற்றவர் எழுதியிருந்தார்.

கடைக்காரருக்கு எழுபதை ஒட்டிய வயது. பைலட்டை வாங்கி விளக்குக்கு நேரே ஒரு தரம் சாய்த்தார். ஐ கிளாஸைக் கண்ணில் வைக்கக்கூட இல்லை.

"டயல் புதுசா அடிச்சது தம்பி."

"எப்படிண்ணே அதுக்குள்ள சொல்றீங்க?"

"பாத்தாலே தெரியுதே. கோடு ஒக்கார்ல."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு பார்த்தால், ஏதோ உறுத்தத்தான் செய்தது. எது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. இந்த உறுத்தலுக்கு உடலியலில் ஒரு பெயர் உண்டு. அதற்கான விளக்கம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் நாம் எல்லோரும் கையில் பிடித்த ஒரு கருவிக்குள் இருக்கிறது.

நல்ல கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. 25 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்த்தால் அது 0.07 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். அதைவிட நெருக்கமாக இரண்டு புள்ளிகளை வைத்தால் கண்ணுக்கு அவை ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் ஒரு கோட்டை நடுவில் வெட்டி, கீழ்ப்பாதியைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்திவிட்டால் கதை வேறு. அந்த விலகலை, முடியின் பருமனில் ஆறில் ஒரு பங்காக இருந்தாலும், கண் கண்டுபிடித்துவிடும். விழித்திரையின் கூம்புச் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடவும் நுட்பமான அளவு இது. பல செல்கள் தரும் தகவலைச் சேர்த்து மூளை கணக்குப் போடுவதால் இது நடக்கிறது. 1975-இல் ஜெரால்ட் வெஸ்ட்ஹைமர் இதற்கு மீநுண் பார்வை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். வெர்னியர் அளவியில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று நாம் பார்த்ததெல்லாம் இந்தத் திறமையை நம்பித்தான். அளவியின் பெயரிலேயே இதை வெர்னியர் கூர்மை என்றும் சொல்வார்கள்.

டயலுக்கு வருவோம். 28 மி.மீ. குறுக்களவுள்ள டயலில் 60 நிமிடக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் 6 பாகை, விளிம்பில் அளந்தால் ஒன்றரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இதில் ஒரு கோடு 0.1 மி.மீ. தள்ளிப்போனால் கோணத்தில் 0.4 பாகைதான் பிசகு. மணி பார்ப்பதற்கு அது பொருட்டே இல்லை. ஆனால் நிமிட முள்ளின் நுனி அந்தக் கோட்டின் மேல் வந்து நிற்கும்போது, முள்ளும் கோடும் வெர்னியரின் இரண்டு கோடுகளாகிவிடுகின்றன. ஐம்பது வருடமாக ஒழுங்கான டயல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த இடத்தில் முள் குத்தும். நம்மைப் போன்றவர்கள் செல்பேசியில் நேராக ஒரு படம் எடுத்து, 12-லிருந்து 6-க்கும் 9-லிருந்து 3-க்கும் கோடு இழுத்துப் பார்க்கலாம். இரண்டும் நடுத்துளையின் மையத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். என் பைலட்டில் வெட்டிக்கொண்ட இடம், துளையின் ஓரம்.

ஆலையில் இந்தப் பிசகு ஏன் வராது என்பது சுவையான விஷயம். டயல் என்பது மெல்லிய பித்தளைத் தகடு. அடியில் இரண்டு செம்புக் கால்கள் இருக்கும். தகட்டைத் தேய்த்து, முலாம் பூசி, வார்னிஷ் ஏற்றிய பிறகுதான் அச்சு. எழுத்துகளும் கோடுகளும் ஓர் எஃகுப் பலகையில் 0.025 மி.மீ. போலக் குழியாக அரிக்கப்பட்டிருக்கும். மை ஊற்றி, பிளேடால் வழித்தால் குழிக்குள் மட்டும் மை தங்கும். அதன் மேல் கவிழ்த்த இட்லி மாதிரி ஒரு மெத்தை வந்து அமுங்கும். முன்பு ஜெலட்டின், பிறகு சிலிக்கோன். குழியிலுள்ள மையின் மேற்பரப்பில் கரைப்பான் ஆவியாகி மை பிசுபிசுத்திருப்பதால் அது மெத்தையில் ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது. காற்றில் தொங்கும் அந்த ஓரிரு நொடிகளில் இப்போது வெளியே தெரியும் மறுபுறம் பிசுபிசுக்கிறது. டயலில் அமுக்கியதும் அந்தப் புறம் வார்னிஷைப் பற்றிக்கொள்கிறது. சிலிக்கோனோ எதையும் இறுக்கமாகப் பிடித்துவைக்காத பொருள், மையை முழுசாக விட்டுவிடுகிறது. அச்சு எத்தனை ஆயிரம் டயலில் விழுந்தாலும் பலகை ஒன்றுதான், எனவே கோடு நகர வழியில்லை. மையும் ஒரே கனத்தில், கூரான ஓரத்தோடு, டயலுக்கு மேலே மேடாக நிற்கும்.

கடைக்காரர் ஐ கிளாஸை என்னிடம் கொடுத்து இதைத்தான் காட்டினார். முதலில் அப்பாவின் ஜனதா. பத்து மடங்கு பெரிதாகத் தெரிந்த எழுத்துகள், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் தன் நிழலோடு நின்றன. பிறகு பைலட். எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாக அரித்திருந்தது. துணிவலை வழியாக மை தள்ளும் ஸ்கிரீன் பிரிண்டிங்கின் அடையாளம் அது, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அதே வேலை. "அசலு எழுத்து நிக்கும். அடிச்ச எழுத்து படுத்துக்கும்" என்றார். மற்ற வழிகளும் உண்டு. பேனாவால் இழுத்த கோடு தொடங்கும் இடத்தில் குமிழாகவும் முடியும் இடத்தில் மெலிந்தும் இருக்கும். கணினி அச்சில் எடுத்தது என்றால் கறுப்புக் கோடே பல நிறப் புள்ளிகளாகச் சிதறும்.

டயல் அடிப்பது எப்போதுமே மோசடியாக இருந்ததில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். 1953-இல் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஒரு கடிகாரம் வாங்கினால் ஆயுசுக்கும் அதுதான் என்றிருந்த காலம். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரம் பதினைந்து வருட வியர்வையில் மங்கிப்போனால், டயலைச் சுரண்டிப் புதுசாக அடித்துத் தரச் சொல்வது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போலத்தான். நம் ஊர் மனசே அப்படி. 2017-இல் அண்ணாமலையார் கோயில் குடமுழுக்கின்போது கோபுரங்கள் வண்ணம் புதுக்கப்பட்டதைப் பார்த்து யாரும் அசல் போச்சே என்று அழவில்லை. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கிடைக்காது என்றானதும் பழைய ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் சேகரிப்பவர்கள் நடுவே கிராக்கி வந்துவிட்டது. அதற்குப் பிறகு பழைய மெஷினில் புது டயலை மாட்டி, பச்சை, ஆரஞ்சு, இரட்டை நிறம் என்று கண்ணைப் பறிக்கும்படி செய்து, அசல் என்ற பெயரில் விற்பதுதான் கோளாறு. வண்ணம் அடித்தவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அசல் என்று எழுதியவர்மேல்தான்.

அச்சு நுட்பத்தை வருங்காலத்தில் யாராவது அப்படியே நகலெடுத்துவிடலாம். வயதை நகலெடுப்பது அதைவிடக் கடினம், ஏனென்றால் வயதின் ஒவ்வொரு தடயத்துக்கும் ஒரு காரணமும் ஒரு திசையும் இருக்கிறது.

அப்பாவின் ஜனதாவில் 3 மணிக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை. டயலின் விளிம்பில் அகலமாகத் தொடங்கி, உள்ளே வரவரச் சுருங்கி, மூணேகால் பக்கம் முடிகிறது. அப்பா பம்புசெட்டில் குளிக்கும்போதுகூடக் கடிகாரத்தைக் கழற்றாதவர். தண்ணீரும் வியர்வையும் உள்ளே போக எளிய வாசல் சாவி போகும் துளைதான், அது 3 மணியில் இருக்கிறது. தினமும் காலையில் சாவி கொடுத்துக் கொடுத்துத் துளை தேய்ந்திருக்கும். கறை வாசலிலிருந்து வீட்டுக்குள் வருகிறது, சரிதானே? இதே கறை 8 மணியில் தனியாக மிதந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

நடுவில் முட்கள் சொருகிய இடத்தைச் சுற்றிச் சிறிய துரு வளையம். அங்கே எஃகு உண்டு, ஈரம் வந்தால் துருப்பிடிக்கும். ஆக, 3 மணிக் கறையும் நடு வளையமும் ஒரே சம்பவத்துக்கு இரண்டு சாட்சிகள். இன்னும் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள் இருந்தன, ஒவ்வொன்றும் நடுவில் அடர்ந்து, சுற்றிலும் வட்டமாக மங்கும். வெள்ளி முலாம் மேலிருக்கும் வார்னிஷில் ஊசித்துளை விழுந்தால் காற்றிலுள்ள கந்தக வாயு அதன் வழியே இறங்கும். வெள்ளி கறுப்பு சல்பைடாக மாறும். வாயு துளையிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் பரவுவதால் வட்டம் வருகிறது. தூரிகையால் புள்ளி வைப்பவர் இந்த அடர்த்திக் கணக்கைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்.

வார்னிஷும் சும்மா இருப்பதில்லை. பழைய டயல்களில் பெரிதும் பயன்பட்டது நைட்ரோசெல்லுலோஸ். வெயிலும் சூடும் பட்டால் அதிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு கழன்று வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகி, மிச்ச வார்னிஷையும் வேகமாக அரிக்கும். பழைய சினிமாப் படச்சுருள் இதே குடும்பம்தான், உலகம் முழுக்க மௌனப் படங்கள் மக்கியும் எரிந்தும் போனதற்கு அது பெரிய காரணம். டயலில் அதே வேதியியல் மஞ்சளாகவும் மெல்லிய வெடிப்பாகவும் தெரியும். ஆனால் டயலின் கடைசி அரை மி.மீ. விளிம்பைக் கேஸின் உதடு மூடியிருக்கும். வெளிச்சம் போகாத இடம். டயலை வெளியே எடுத்தால் அந்த விளிம்பு மட்டும் வெளுத்து, மோதிரம் கழற்றிய விரல் போல இருக்க வேண்டும். நடுவும் விளிம்பும் ஒரே மஞ்சளாக இருந்தால், அந்த மஞ்சள் டப்பாவிலிருந்து வந்தது.

கண்ணுக்கு அழகாகப் பழசாகியிருக்கிறதா என்று பார்ப்பது வீண். எல்லாக் கறைகளும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முட்கள் துருப்பிடித்து டயல் பளபளத்தால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார்.

இருட்டிலும் ஒரு சாட்சி இருக்கிறது. நம் ஊரில் பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கர்கூட ரேடியம்தான், ஒட்டித் தருபவர் ரேடியம் கடைக்காரர். அதில் ரேடியம் ஒரு துளியும் கிடையாது, சொல் மட்டும் தங்கிவிட்டது. 1960-களுக்கு முந்தைய வெளிநாட்டுக் கடிகாரங்கள் பலவற்றில் இருந்தது நிஜமான ரேடியம். துத்தநாக சல்பைடோடு துளி ரேடியம் கலந்து பூசினால், கதிர் மோதும் ஒவ்வொரு முறையும் சல்பைடு மினுக்கும். இந்தச் சாயத்தில் சில நேரம் மீசோதோரியமும் சேர்ந்தது. தோரியம் சிதைந்து வரும் பொருள் அது, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிற அதே தோரியம். அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஆரஞ்சு நகரில் டயல் தீட்டிய இளம் பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள். அவர்களில் பலர் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். அவர்களில் ஐந்து பேர் போட்ட வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது.

ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு. பக்கத்திலிருக்கும் சல்பைடோ அடிவாங்கி அடிவாங்கிச் சில பத்தாண்டுகளில் செத்துவிடும். அதனால் அசல் ரேடியம் டயல் இன்று இருட்டில் ஒளிராது, ஆனால் கெய்கர் கருவியை அருகில் வைத்தால் படபடவென்று அடிக்கும். பின்னால் வந்த டிரிட்டியத்துக்கு அரை ஆயுள் 12.3 ஆண்டு. ஐம்பது ஆண்டில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதன் கதிரும் கடிகாரக் கண்ணாடியைத் தாண்டாது. இன்றைய பூச்சு ஸ்ட்ரான்சியம் அலுமினேட். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993-இல் கொண்டுவந்தது. கதிரியக்கம் கிடையாது, நொடிநேரம் டார்ச் காட்டினாலே மணிக்கணக்கில் பச்சையாக ஒளிரும். என் பைலட்டை வீட்டில் முன்பே விளக்கணைத்துப் பார்த்திருந்தால் கடைக்கே போயிருக்க வேண்டாம். எழுபதுகளின் கடிகாரம் தொண்ணூறுகளின் பூச்சில் விடியும்வரை மின்னிக்கொண்டிருந்தது.

ஓர் எச்சரிக்கை. 1960-க்கு முந்தைய ஒளிரும் டயலை ஆர்வக்கோளாறில் நீங்களே திறக்காதீர்கள். பூச்சு பொடிந்துபோயிருக்கும், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது. கண்ணாடிக்குள் இருக்கும்வரை அதை அப்படியே விடுவது நல்லது.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த சீக்கோ 5 வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். டயலின் அடி விளிம்பில் ஜப்பான் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கம் மெஷினின் எண், உதாரணமாக 6309. பின்மூடியில் பொறித்த எண்ணும் அதே நான்கு இலக்கத்தில் தொடங்க வேண்டும். பின்மூடியின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். டயல் அடிப்பவர்கள் இந்தப் பொடி எழுத்தைத் தவறாகப் போடுவார்கள், சில சமயம் விட்டேவிடுவார்கள்.

மேல்பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உட்பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்தச் சுவரின் சுண்ணாம்பையும் நிறமிகளையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தவர், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் எஸ். பரமசிவன். நிறமிக்கும் பிறந்த தேதி உண்டு என்பதுதான் இத்தகைய ஆய்வின் பலம். டைட்டானியம் வெள்ளை கடைக்கு வந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு, தாலோசயனின் நீலம் 1935-இல். 1910-ஆம் ஆண்டுக் கடிகாரத்தில் அவை இருந்தால் யாரோ பின்னால் தொட்டிருக்கிறார்கள். தஞ்சையில் மேலே இருந்ததும் அரிய ஓவியம் என்பதால், தொல்லியல் துறையினர் அதைப் பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகையில் பதித்துக் காப்பாற்றினார்கள். என் பைலட்டின் மேல்பூச்சுக்கு அந்த மரியாதை தேவைப்படாது.

ஆனாலும் அடியில் என்ன என்று பார்த்துவிட ஆசை. கடைக்காரர் சலித்துக்கொண்டே பின்மூடியைக் கழற்றி, மெஷினை எடுத்து, முட்களைப் பிடுங்கி, டயலைக் கவிழ்த்துப் போட்டார். அசல் டயலின் முதுகு முலாம் கலையாமல், ரிப்பேர்காரர்களின் சின்னச் சின்னக் கீறல்களோடு இருக்கும். இதுவோ அமிலத்தில் முக்கியெடுத்த பித்தளை நிறத்தில் இருந்தது. ஒரு செம்புக் கால் உடைந்து பசையால் ஒட்டப்பட்டிருந்தது. சுற்றிலும் ஜோடி ஜோடியாகச் சின்ன அடைப்புகள். நான் எண்ணினேன், பன்னிரண்டு இடங்களில் இருந்தன.

"இது என்னண்ணே?"

"மணிக் கோடு ஒட்டுன ஓட்டை. கால் விட்டு ஒட்டியிருப்பான். பைலட்டுக்கு ஏது ஒட்டுன கோடு? எல்லாம் அச்சுதானே. இது வேற ஏதோ மாடலு. கோட்டையெல்லாம் புடுங்கி, ஓட்டைய அடைச்சி, கறுப்பு அடிச்சி, பைலட்டுன்னு எழுதிட்டான்."

எந்த மாடல் என்று அந்தத் துளைகளை வைத்துச் சொல்ல அவராலும் முடியவில்லை. மெஷின் நல்ல மெஷின்தான், 17 கல், எண்ணெய் போட்டால் இன்னும் இருபது வருடம் ஓடும் என்றார். மாட்டித் தரச் சொன்னேன்.

பிறகு அப்பாவின் ஜனதாவை எடுத்தார். கண்ணாடியை மட்டும் தேய்த்து, கறையின் மேல் விளக்கைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"டயல் அடிக்கணுமா தம்பி?"

"வேணாம்ண்ணே. அப்படியே இருக்கட்டும்."

"சரி. சாவிய மட்டும் மாத்திடறேன். இல்லன்னா அடுத்த மழைக்குள்ள கறை நாலு மணிக்கு வந்துடும்."